தூக்கி எறியத்தக்க கணினி

காலையில் படித்த செய்தித்தளத்தை மாலையில் மறுபடி திறக்கிறீர்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. தேடல் பெட்டி இடம் மாறியிருக்கிறது. புதிதாக ஒரு பகுதியும் சேர்ந்திருக்கிறது. இதையெல்லாம் எப்போது மாற்றினார்கள்? பகல் முழுக்க ஆட்கள் படித்துக்கொண்டுதானே இருந்தார்கள்? ‘பராமரிப்புக்காக மூடப்பட்டுள்ளது’ என்ற அறிவிப்பு ஒருவர் கண்ணிலும் படவில்லையே?

இதையொட்டி இன்னொரு கேள்வியும் உண்டு. தேர்வு முடிவு வெளியாகும் காலையில் லட்சக்கணக்கானோர் ஒரே தளத்தை மொய்க்கிறார்கள். மற்ற நாள்களில் ஒரு கணினி சமாளிக்கும் வேலைக்கு அன்று பத்து தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக வந்த ஒன்பதுக்கும் அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது யார்?

இரண்டு கேள்விக்கும் விடை பெரும்பாலும் ஒரு சிறிய உரைக்கோப்பில் இருக்கிறது. அச்சிட்டால் இரண்டு மூன்று பக்கம் வரும். அதில் என்ன எழுதியிருக்கும், ஏன் அப்படி எழுதவேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

வாடகைக்கு வரும் காலிக் கணினி

நாம் கேட்கும் பக்கத்தை எடுத்துத் தரும் கணினிக்குச் சேவையகம் என்று பெயர். பேச்சில் சர்வர். முன்பெல்லாம் அதை விலைகொடுத்து வாங்கி, குளிரூட்டிய அறையில் சட்டத்தில் பொருத்தி, கம்பி இழுக்க வேண்டும். ஆர்டர் கொடுத்தால் வந்துசேர வாரக்கணக்காகும். 2006இல் அமேசான் நிறுவனம் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. ஒரு பெரிய கணினியை மென்பொருளால் பல கூறாக்கி, ஒவ்வொரு கூறும் தனிக் கணினி போலவே நடந்துகொள்ளும்படி செய்வது இதன் நுட்பம். இன்று மும்பையில் உள்ள ஒரு தரவு மையத்திலிருந்து அப்படி ஒரு கணினி உங்கள் கைக்கு வரச் சில நிமிடங்கள் போதும்.

வந்த கணினியில் லினக்ஸ் இயங்குதளம் இருக்கும். ஓர் இணைய முகவரியும், உள்ளே நுழைய ஒரு சாவியும் இருக்கும். மற்றபடி அதற்கு ஒன்றும் தெரியாது. பக்கங்களை வழங்கும் மென்பொருள் இல்லை, உங்கள் நிரல் இல்லை. அதன் கடிகாரம்கூடப் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தைத்தான் காட்டும். இந்திய நேரத்துக்கு நீங்கள்தான் மாற்றவேண்டும்.

இந்த வெற்று நிலையிலிருந்து வேலைக்குத் தயாராக்குவதை ஆயத்தம் என்று சொல்வோம். தயாரான கணினியில் உங்கள் நிரலின் புதிய பதிப்பைக் கொண்டுபோய் ஓடவிடுவதைக் களமிறக்கம் என்போம். ஆயத்தம் எப்போதாவது நடப்பது. களமிறக்கம் வாரத்தில் பலமுறைகூட நடக்கும்.

கையால் செய்தால் என்ன?

செய்யலாம். தொலைவிலிருந்து உள்ளே நுழைந்து, கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, ஒரு மாலைப்பொழுதில் தளத்தை ஓடவைத்துவிடலாம். பிரச்சினை ஆறு மாதம் கழித்து வருகிறது. இரண்டாவது கணினி வேண்டும் என்கிறார்கள். அன்று எந்த அமைப்புக் கோப்பில் எந்த வரியைத் திருத்தினோம்? நடுராத்திரியில் எதையோ சரிசெய்தோமே, அது எங்கே? செய்தவர் வேலையை விட்டுப் போயிருந்தால் கேட்கவும் ஆளில்லை.

நினைவிலிருந்து அமைத்த இரண்டு கணினிகள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்; உள்ளே ஓரிரு இடங்களில் வேறுபடும். அந்த வேறுபாடு உடனே தெரிந்துவிட்டால் நல்லது. ஒரு நெரிசலான நாளில்தான் தெரியவருமென்றால், பழுதைத் தேடுகிறவர் பாடு திண்டாட்டம்.

தட்டச்சு செய்வதையே எழுதிவை

நாம் தட்டும் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். பெல் ஆய்வகத்தில் ஸ்டீஃபன் போர்ன் எழுதிய ஷெல் 1979இல் யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வெளிவந்தது. அதன் வழியில் பிரயன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் 1989இல் வந்தது. இன்று வாடகைக்கு எடுக்கும் லினக்ஸ் கணினி ஏறக்குறைய எதிலும் பாஷோ அதன் உறவான இன்னொரு ஷெல்லோ இருக்கும்.

ஷெல்லின் சிறப்பு, விரலால் தட்டும் கட்டளைகளையே ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்தாலும் ஏற்றுக்கொள்ளும் என்பது. அந்தக் கோப்புதான் ஸ்கிரிப்ட். இங்கே கட்டளைத்தொடர் என்று சொல்வோம். இதை ஓட்ட வேறெதையும் நிறுவவேண்டியதில்லை. காலிக் கணினிக்குத் தொடக்கத்திலிருந்தே தெரிந்த மொழி அது.

ஒரு நூலகத்தின் கட்டளைத்தொடர்

ஒரு சிறுநகர நூலகம் தன் நூற்பட்டியலை இணையத்தில் வைக்க விரும்புகிறது என்று கொள்வோம். வாசகர் புத்தகப் பெயரைத் தேடலாம், இரவல் பதிவு செய்யலாம். இதற்கான ஆயத்தத்தை ஐந்து வரியில் சொல்லிவிடலாம்.

1. பக்கங்களை வழங்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருளை நிறுவு.
2. ‘நூலகம்’ என்ற பெயரில் ஒரு பயனரை உருவாக்கு.
3. நிரலை வைக்க ஒரு கோப்புறை உருவாக்கு.
4. என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்பின் கடைசியில் நம் தளத்தின் முகவரியைச் சேர்.
5. சேவையைத் தொடங்கு, கணினி அணைந்து எழுந்தாலும் தானாகத் தொடங்கும்படி செய்.

இரண்டாவது வரி எதற்கு? கணினியின் முழு அதிகாரமும் உள்ள பயனராக நிரலை ஓடவிட்டால், நிரலில் ஓட்டை கண்டுபிடிக்கும் திருடனுக்கும் அந்த முழு அதிகாரம் கிடைத்துவிடும். அதனால் தன் கோப்புறையைத் தாண்டி எதையும் தொட முடியாத ஒரு பயனரை இதற்கென்றே வைக்கிறோம்.

கட்டளைத்தொடரை ஓட்டினால் தளம் எழுந்துவிடும். அடுத்த வாரம் ஒரு சின்ன மாற்றம் தேவைப்படுகிறது. கோப்பைத் திருத்தி அதே கணினியில் மறுபடி ஓட்டுகிறோம். இரண்டாவது வரியில் ‘இந்தப் பயனர் ஏற்கெனவே இருக்கிறார்’ என்று முறையிடுகிறது. மூன்றாவதிலும் அப்படியே. நான்காவது வரி முறையிடவே இல்லை. முகவரியை இன்னொரு தடவை சத்தமில்லாமல் சேர்த்துவிட்டது. பத்து முறை ஓட்டினால் பத்து முறை சேர்க்கும். சத்தம் போடும் பிழையை விடச் சத்தம் போடாத இந்தப் பிழைதான் ஆபத்து.

பத்து நிமிடமா, நிரம்பும்வரையா?

‘மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிடு’ என்று வீட்டில் ஒருவர் சொல்கிறார். தெரியாமல் இன்னொருவரும் அதையே சொன்னால் மொட்டைமாடித் தொட்டி வழிந்துவிடும். ‘தொட்டி நிரம்பியிருக்கவேண்டும்’ என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் எத்தனை முறை சொன்னாலும் கெடுதி இல்லை. முதல் வாக்கியம் ஒரு செயலைச் சொல்கிறது. இரண்டாவது, இருக்கவேண்டிய நிலையைச் சொல்கிறது.

எத்தனை முறை செய்தாலும் ஒருமுறை செய்த விளைவே மிஞ்சும் இந்தக் குணத்தை ஒருவிளைவுத்தன்மை என்று அழைப்போம். ஒன்றை ஒன்றால் எத்தனை முறை பெருக்கினாலும் ஒன்றே வருகிறதல்லவா, அந்த மாதிரி. இயற்கணிதத்தை ஆராய்ந்த அமெரிக்கக் கணிதவியலர் பெஞ்சமின் பியர்ஸ் 1870இலேயே இக்குணத்தை அடையாளம் கண்டு பெயரிட்டார். கணினிகளைப் பராமரிக்க இந்த எண்ணம் எவ்வளவு உதவும் என்று காட்டியவர்களில் முன்னோடி, ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் பர்ஜஸ். 1993இல் அவர் எழுதிய சிஎஃப்எஞ்சின் என்ற கருவியிடம் கணினி எந்த நிலையில் இருக்கவேண்டும் என்று சொன்னால் போதும். விலகியிருப்பதைப் பார்த்து அதுவே திருத்தும்.

அதே எண்ணத்தைச் சாதாரணக் கட்டளைத்தொடரிலும் கொண்டுவரலாம். பயனர் இருக்கிறாரா என்று பார். இல்லையென்றால் மட்டும் உருவாக்கு. கோப்புறை உருவாக்கும் கட்டளைக்கு ‘ஏற்கெனவே இருந்தால் பேசாமல் இரு’ என்று சொல்ல ஒரு குறி உண்டு, அதைச் சேர். அமைப்புக் கோப்பில் வரியைச் சேர்ப்பதை விட்டுவிட்டு, நம்மிடமுள்ள முழுக் கோப்பை அதன் இடத்தில் வை. முதல் வரியையும் ஐந்தாவது வரியையும் தொடவேண்டியதில்லை. நிறுவிய மென்பொருளை மறுபடி நிறுவச் சொன்னாலும், ஓடும் சேவையை மறுபடி தொடங்கச் சொன்னாலும் லினக்ஸ் ஒன்றும் கெடுக்காது.

இப்படி எழுதியதில் எதிர்பாராத ஒரு லாபம் உண்டு. மூன்றாவது வரியில் இணைப்பு அறுந்து கட்டளைத்தொடர் பாதியில் நின்றால், எங்கே விட்டோம் என்று ஆராய வேண்டாம். முதலிலிருந்து மறுபடி ஓட்டினால் போதும். முடிந்த வேலைகள் தம்மைத் தாமே தாண்டிக்கொள்ளும்.

இரண்டு காவல் வரிகள்

ஷெல்லிடம் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. ஒரு வரி தோற்றாலும் அடுத்த வரிக்குப் போய்விடும். ‘பழைய பதிப்புக் கோப்புறைக்குள் போ’, ‘இங்கே உள்ளதையெல்லாம் அழி’ என்று அடுத்தடுத்து எழுதியிருந்து முதல் வரி தோற்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எங்கே நிற்கிறதோ அங்கேயே அழிக்கத் தொடங்கும். அதனால் அனுபவசாலிகள் கட்டளைத்தொடரின் உச்சியில் ‘எந்த வரி தோற்றாலும் அங்கேயே நில்’ என்று முதல் காவலை வைப்பார்கள்.

இரண்டாவது காவல் பெயர்களுக்கு. கட்டளைத்தொடரில் ஒரு பெயருக்கு மதிப்பு கொடுக்க மறந்துவிட்டால் ஷெல் அதை வெற்றிடமாக எடுத்துக்கொள்ளும். 2015 ஜனவரியில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் வெளிப்பட்ட பிழை இந்த வகைதான். ‘ஸ்டீம் கோப்புறைக்குள் உள்ளதை அழி’ என்பது அந்த வரியின் நோக்கம். சில சூழ்நிலைகளில் கோப்புறையின் பெயர் வெற்றாகிப்போய், ‘வேர்க் கோப்புறையிலிருந்து எல்லாவற்றையும் அழி’ என்று அதற்குப் பொருளாகிவிட்டது. பயனருக்கு அழிக்க உரிமையுள்ள எல்லாக் கோப்புகளும் போயின. அந்த வரிக்கு மேலே ‘பயங்கரம்’ என்று பொருள்படும் ஒரு குறிப்பை எழுதியவரே விட்டுச்சென்றிருந்தார். ‘மதிப்பில்லாத பெயர் வந்தால் நில்’ என்ற காவல், பெயருக்கு மதிப்பே கொடுக்காத மறதியைப் பிடிக்கும். மதிப்பு கொடுத்தும் அது வெற்றாக இருந்தால் தனியாகச் சோதித்துத்தான் ஆகவேண்டும்.

மாறியதை மட்டும் அனுப்பு

ஆயத்தம் முடிந்தது. இனிக் களமிறக்கம். நூலக நிரலின் புதிய பதிப்பு நம் மேசைக் கணினியில் இருக்கிறது. அது மும்பையில் எடுத்த வாடகைக் கணினிக்குப் போகவேண்டும்.

போகும் பாதையைக் காப்பது எஸ்எஸ்எச். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியதைத் தொடர்ந்து, அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யிலோனென் 1995இல் இதை உருவாக்கினார். நடுவில் யார் ஒட்டுக்கேட்டாலும் புரியாத எழுத்துக் குவியல்தான் கிடைக்கும்.

அந்தப் பாதையில் கோப்புகளைக் கொண்டுபோவது ஆர்சிங்க். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கெராஸும் 1996இல் வெளியிட்டது. இணைப்பு மெதுவாக இருந்த காலம் அது. பெரிய கோப்பில் ஒரு பத்தி மாறியதற்காக முழுக் கோப்பையும் அனுப்புவதா? மாறியதை மட்டும் அனுப்பலாம் என்றால், பழைய பிரதி அந்தப் பக்கம், புதிய பிரதி இந்தப் பக்கம். இரண்டையும் ஓரிடத்தில் வைத்துப் பார்க்காமல் எது மாறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அவர்கள் கண்ட வழி இது. பழைய பிரதி வைத்திருக்கும் கணினி அதைச் சமமான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறிய எண்ணைக் கணக்கிட்டு அனுப்பும். அந்த எண் துண்டின் கைரேகை. புதிய பிரதி வைத்திருக்கும் கணினி தன் கோப்பில் அந்தக் கைரேகைகளைத் தேடும். தொடக்கத்தில் ஓர் எழுத்து புகுந்திருந்தால் பின்னால் உள்ள அத்தனையும் ஓரிடம் தள்ளிப்போயிருக்கும். ஆகவே ஒவ்வோர் எழுத்திலிருந்தும் தொடங்கித் தேடவேண்டும். இது பெருங்கணக்காயிற்றே என்று தோன்றும். இங்கேதான் சாமர்த்தியம். ஓர் எழுத்து நகரும்போது கைரேகையை முதலிலிருந்து கணக்கிடாமல், வெளியேறும் எழுத்தைக் கழித்து உள்ளே வரும் எழுத்தைக் கூட்டிக்கொண்டால் போதும்படி அதை வடிவமைத்தார்கள். ஒத்துப்போவதாகத் தெரிந்தால் இன்னும் கறாரான இரண்டாவது கைரேகையால் உறுதி செய்துகொள்ளும். ஒத்த துண்டுகளுக்கு ‘உன்னிடம் இருப்பதையே எடுத்துக்கொள்’ என்ற குறிப்பு போகும். மற்றவை மட்டுமே முழுதாகப் பயணம் செய்யும்.

கைகாட்டியைத் திருப்புதல்

புதிய கோப்புகளை ஓடிக்கொண்டிருக்கும் பழைய கோப்புகளின் மேலேயே நகலெடுத்தால் என்ன? நகலெடுக்க அரை நிமிடம் ஆகிறது என்றால், அந்த அரை நிமிடம் பாதி பழசும் பாதி புதுசுமாக ஒரு தளம் ஓடும். அப்போது வருகிற வாசகருக்கு உடைந்த பக்கம் கிடைக்கும்.

அதனால் ஒவ்வொரு பதிப்பையும் தேதியைப் பெயராகக் கொண்ட தனிக் கோப்புறையில் வைப்பார்கள். அவற்றுக்குப் பக்கத்தில் ‘நடப்பு’ என்று ஒரு பதிவு இருக்கும். அதற்குள் கோப்பு எதுவும் கிடையாது. ‘இந்தத் தேதிக் கோப்புறைக்குப் போ’ என்ற குறிப்பு மட்டுமே உண்டு. இதைக் கைகாட்டி என்போம். என்ஜின்எக்ஸுக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் கைகாட்டிதான்.

புதிய பதிப்பு முழுதாக வந்து சேர்ந்தபின், அது சரியாகப் பதில் தருகிறதா என்று கட்டளைத்தொடரே ஒருமுறை சோதித்துப் பார்க்கும். தேறினால் புதிய கோப்புறையைக் காட்டும் இன்னொரு கைகாட்டியைத் தற்காலிகப் பெயரில் செய்து, அதன் பெயரை ‘நடப்பு’ என்று மாற்றும். பழைய கைகாட்டி இருந்த இடத்தில் புதியது உட்கார்ந்துவிடும். இந்தப் பெயர்மாற்றத்தை லினக்ஸ் உள்ளிட்ட யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் பிளவுபடாத ஒரே செயலாகச் செய்து தருகின்றன. அந்தக் கணத்தில் யார் பார்த்தாலும் பழையது தெரியும், அல்லது புதியது தெரியும். இடைநிலை என்று ஒன்று இல்லை.

பிறகு என்ஜின்எக்ஸுக்கு ஒரு சைகை போகும். அது புதிய பணியாளர் நிரல்களைத் தொடங்கிவிட்டுப் பழையவற்றிடம் ‘கையிலுள்ள வேலையை முடித்துவிட்டுப் போகலாம்’ என்று சொல்லும். ஏற்கெனவே பக்கம் கேட்டவருக்குப் பழையது முழுதாகக் கிடைக்கிறது; அடுத்து வருகிறவருக்குப் புதியது கிடைக்கிறது. செய்தித்தளம் மூடாமலே மாறுகிற ரகசியங்களுள் இது ஒன்று. புதியதில் கோளாறு என்றால் கைகாட்டியைப் பழைய தேதிக்குத் திருப்பிவிடலாம். அதற்கும் அதே நேரந்தான் ஆகும்.

எட்டாவது கணினி

இந்த வேலையைக் கையால் செய்தால் எவ்வளவு மோசமாகலாம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்கப் பங்குவணிக நிறுவனமான நைட் கேபிட்டல், 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் சந்தையில் தொடங்கவிருந்த ஒரு புதிய வசதிக்காக முந்தைய நாள்களில் தன் எட்டு சர்வர்களில் புதிய நிரலைக் களமிறக்கியது. தொழில்நுட்ப ஊழியர் ஒருவர் ஏழில்தான் நகலெடுத்தார். எட்டாவது விடுபட்டது. இன்னொருவர் சரிபார்க்கும் நடைமுறை இல்லை. அந்த எட்டாவதில் 2003க்குப் பின் பயன்படுத்தாத ஒரு பழைய நிரல் அழிக்கப்படாமல் கிடந்தது. புதிய வசதிக்காக அனுப்பிய குறி அங்கே அந்தப் பழைய நிரலை எழுப்பிவிட்டது.

சந்தை திறந்தது. 212 வாடிக்கையாளர் ஆணைகளை நிறைவேற்றப் போய் சுமார் 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வணிகங்கள் நடந்தன. பதற்றத்தில், மற்ற ஏழிலிருந்தும் புதிய நிரலை எடுத்துவிட்டார்கள். அங்கேயும் பழையது எழுந்தது. நட்டம் 46 கோடி டாலருக்கும் மேல்.

கட்டளைத்தொடர் இருந்திருந்தால்? எட்டு பெயர் கொண்ட பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் அதே வேலையைச் செய்யும். முடிவில் ஒவ்வொன்றிடமும் ‘உன்னிடம் உள்ளது எந்தப் பதிப்பு?’ என்று கேட்டு, ஒன்று மாறுபட்டாலும் கத்தும். இதற்குப் பெரிய புத்திசாலித்தனம் தேவையில்லை. சலிப்பில்லாமல் எட்டு வரை எண்ணத் தெரிந்தால் போதும். தேர்வு முடிவு நாளில் கூடுதலாக வந்த ஒன்பது கணினிக்கும் வேலையைக் கற்றுக்கொடுப்பது இதே மாதிரி ஒரு கட்டளைத்தொடர்தான்.

எதுவரை போதும்?

ஒன்றிரண்டிலிருந்து பத்துப் பதினைந்து சர்வர் வரை ஷெல் கட்டளைத்தொடர் தாராளமாகப் போதும். நூற்றுக்கணக்கில் போகும்போது, எது எந்த நிலையில் உள்ளது என்ற கணக்கையே தனியாக வைக்கவேண்டியிருக்கும். அதற்கென்று 2005இல் பப்பெட், 2012இல் ஆன்சிபிள் போன்ற கருவிகள் வந்தன. 2013இல் வந்த டாக்கர், நிரலையும் அதற்குத் தேவையான அத்தனையையும் ஒரே பொதியாகக் கட்டி எங்கும் ஓடவைத்தது. ஆனால் அந்தப் பொதியைக் கட்டச் சொல்லும் கோப்பைத் திறந்து பார்த்தால், ‘இதை நிறுவு, அதை நகலெடு’ என்று நமக்குப் பழகிய ஷெல் வரிகள்தான் இருக்கும்.

கட்டளைத்தொடரில் எழுதக்கூடாத ஒன்றும் உண்டு: கடவுச்சொல். கோப்பைப் பலர் பார்ப்பார்கள், நகலெடுப்பார்கள். ரகசியங்களைத் தனியே வைத்து ஓட்டும்போது மட்டும் கொடுப்பதே வழக்கம்.

எழுதி மீட்க முடியாதது

நூலக சர்வர் இன்றிரவு செத்துப்போனால் எதையெல்லாம் இழப்போம்? என்ஜின்எக்ஸ், பயனர், கோப்புறைகள், நிரல் எல்லாவற்றையும் கட்டளைத்தொடர் இன்னொரு கணினியில் சில நிமிடங்களில் எழுப்பிவிடும். ஆனால் இன்று மதியம் ஒரு வாசகர் செய்த இரவல் பதிவை எந்தக் கட்டளையும் எழுப்ப முடியாது. அது மனிதர் தந்த தகவல். பிரதி இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

கிட்லேப் என்ற நிறுவனம் இந்த வேறுபாட்டை 2017 ஜனவரி 31 அன்று உலகறியக் கற்றது. நெருக்கடி நேரத்தில் ஒரு பொறியாளர், அழிக்கவேண்டிய தரவுக் கோப்புறையைத் தவறான சர்வரில் அழித்துவிட்டார். பல வகைக் காப்புப்பிரதி ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்டபோது அவை நம்பும்படி இல்லை. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

ஆகவே எந்தச் சர்வரையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும்: எழுதிவைத்தால் மீளக்கூடியது, காப்புப்பிரதியால் மட்டுமே மீளக்கூடியது. இந்தப் பிரிவினை சுத்தமாக இருந்தால் கணினியைத் தூக்கி எறிய யோசிக்கவேண்டியதில்லை. சுத்தமாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு செலவு குறைந்த ஒத்திகை உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு காலிக் கணினியை ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். கட்டளைத்தொடரை ஓட்டுங்கள். காப்புப்பிரதியிலிருந்து தரவை ஏற்றுங்கள். தளம் எழுந்தால் கணினியை அழித்துவிடலாம். எழாவிட்டால், எழுதாமல் விட்ட ஏதோ ஒன்று பழைய கணினியிலோ யாரோ ஒருவர் தலையிலோ மட்டும் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து ஒரு வரியாகச் சேர்க்க, எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண மதியவேளையை விட நல்ல நேரம் வாய்க்காது.